ஏல்டர்பாக் ஒயின் சகோதரர்களின் தூய ரசனை

உலகத்தில் குடிப்பவர்கள் கோடி. ஒயினை "ரசிப்பவர்கள்" ஏழே பேர். அந்த ஏழு பேரும் மோசல் ஆற்றங்கரையில் ஏல்டர்பாக் என்ற ஊரில் வியாழக்கிழமைதோறும் ஒரே மேஜையில் கூடினார்கள் என்பது அந்த ஊருக்கு வாய்த்த பெருமை. "ஏல்டர்பாக் ஒயின் சகோதரர் சபை" என்று பெயர். கழுத்தில் பச்சை நாடா, நாடாவில் வெள்ளிப் பதக்கம். அவர்கள் போதைக்காகக் குடிப்பவர்கள் அல்லர். இதை அவர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாவது கோப்பைக்குப் பிறகு கொஞ்சம் உரக்கவே சொல்லியிருக்கிறார்கள். மண், வெயில், கொடி, மணம், இவைதான் ஒயின். ஆல்கஹால் என்பது வழியில் வந்து ஒட்டிக்கொண்ட தூசி.

சபையில் படிப்புக் குறைந்தவர் ஓட்மார் கெஸல்ஹைம் ஒருவர்தான். நாற்பது வருடம் கூரைகளுக்குச் சிலேட்டுப் பலகை வேய்ந்தவர். திராட்சைக் கொடி வளரும் சரிவு முழுக்க அதே சிலேட்டுக் கல்தான். மற்ற ஆறு பேரும் ஒரு மடக்கு உறிஞ்சிவிட்டு, "ஆகா, சிலேட்டு வாசம்" என்று கண்ணை மூடுவார்கள். சிலேட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏணி ஏறியவர் ஓட்மார் மட்டுமே. அதற்கு வாசம் கிடையாது, பல் கூசும், அவ்வளவுதான். இந்த உண்மையை அவர் சபையில் சொன்னதில்லை. நோட்டரியும் டாக்டரும் ஒரு கூரைக்காரனை "சகோதரா" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கும் நாற்காலி ஊரில் வேறெங்கும் அவருக்கு இல்லை.

மார்ச் மாதம் டாக்டர் லாம்பர்ட் அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளை இருமுறை படித்துவிட்டு, இனி ஒரு சொட்டும் ஆகாது என்றார். லாம்பர்ட்டும் சபைச் சகோதரர்தான். முந்தின வியாழன் ஓட்மாரின் கோப்பையைத் தன் கையாலேயே மூன்று முறை நிரப்பியவர். வைத்தியம் வேறு, சகோதரத்துவம் வேறு.

சபையின் ஏழாவது விதி கறாரானது. கோப்பையில் ஒயின் இல்லாதவர் "விருந்தாளி". விருந்தாளி இரண்டு வியாழனுக்கு மேல் மேஜையில் உட்காரலாகாது. ஓட்மார் இரண்டு வியாழன் தண்ணீரை வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டார். மூன்றாவதில் நாற்காலி போய்விடும்.

ஆகவே ஆல்கஹால் நீக்கிய ஒயின் என்னும் நவீன அற்புதத்தில் இறங்கினார். அவர் மனைவி ரோஸ்விதா ட்ரியர் நகருக்குக் கார் ஓட்டிப் போய் பதினோரு பாட்டில் கொண்டுவந்தாள். நல்ல ஒயினாகவே செய்து, பிறகு லேசாகச் சூடாக்கி ஆல்கஹாலை ஆவியாக வெளியேற்றிவிடுகிறார்களாம். வெளியேறியது எங்கே போகிறது என்று எந்த லேபிளிலும் எழுதியிருக்கவில்லை. யாரோ ஒருவன் பத்திரமாகத்தான் வைத்திருப்பான்.

ஓட்மார் குறுக்கு வழியில் போகிற ஆளில்லை. சமையலறை மேஜையில் வெள்ளைத் துணி விரித்தார். பாட்டில்மேல் வெப்பமானியை வைத்துச் சூடு பார்த்தார். பாட்டிலைத் திறந்து, காற்றுப் பட்டு மூச்சு விடட்டும் என்று அரை மணி நேரம் வைத்தார்.

"மூச்சு விடறதுக்கு அதுல உயிர் இருக்கணுமில்ல?" என்றாள் ரோஸ்விதா, உருளைக்கிழங்கு உரித்தபடி.

முதல் பாட்டில், ஆப்பிள் வேகவைத்த தண்ணீர். இரண்டாவது, நெல்லிக்காய் ஜாம் காலியான பிறகு குப்பியைக் கழுவிய தண்ணீர். சிவப்பு ஒயின் ஒன்று, திராட்சையை மனதில் நினைத்துக்கொண்டு போட்ட தேநீர். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் "சுவாரஸ்யமானது" என்று எழுதினார். சபைத் தலைவர் தனக்கு ஏதாவது பிடிக்கவில்லை என்றால் அந்தச் சொல்லைத்தான் சொல்வார். ஒன்பதாவது பாட்டில் நுரைக்கும் ரீஸ்லிங், மோசல் கரையின் வெள்ளை ஒயின். அதைக் குடித்ததும் ஓட்மார் சந்தேகத்தோடு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு கோப்பை குடித்தார். புளிப்பு சரியாக இருந்தது. நுரை நாக்கை ஏமாற்றுகிறதோ என்று அது அடங்கிய பிறகும் குடித்துப் பார்த்தார். அப்போதும் நன்றாகவே இருந்தது. பொய் சொல்லிக்கொள்கிறோமோ என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொண்டு, நோட்டில் "நல்லா இருக்கு" என்று எழுதினார்.

மூன்றாவது வியாழன் சபை "அசாதாரணக் கூட்டமாக"க் கூடியது. பொருள்: ஓட்மார் சகோதரர் கொண்டுவந்த பானம் விதி ஏழின்படி ஒயின்தானா?

தலைவர் புர்க்ஹார்ட் தீலன், ஓய்வுபெற்ற நோட்டரி, எழுந்து நின்று இருபது நிமிடம் பேசினார். ஒயினின் ஆன்மா ஆல்கஹாலில் இல்லை, அதைத் தேடுகிறவன் சாராயக் கடைக்குப் போகட்டும், நாம் மணத்தின் மாணவர்கள் என்றார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். டாக்டர் கண்ணைக்கூடத் துடைத்தார். நாற்காலி தப்பியது என்று ஓட்மாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஓட்மார் கொண்டுவந்த அந்த ஒன்பதாவது ரகத்தை ஊற்றினார்கள். மேஜை நடுவில் வழக்கம்போல் பித்தளை வாளி இருந்தது. மதிப்பீட்டுக் கூட்டத்தில் ருசி பார்த்துவிட்டு அதில் துப்ப வேண்டும், விழுங்கினால் புத்தி மங்கித் தீர்ப்புக் கெடும் என்பது சபை மரபு. மரபு நாற்பது வருடமாக இருந்தது. வாளியும் நாற்பது வருடமாகக் காய்ந்தே இருந்தது. ரொட்டித் துணுக்குப் போடத்தான் உதவியது.

அன்று தலைவர் முதல் மடக்கை வாயில் சுழற்றி, வாளியில் துப்பினார். டாக்டர் துப்பினார். மற்ற நால்வரும் வரிசையாகத் துப்பினார்கள். துப்பிய பிறகு "நேர்த்தி" என்றார்கள். "நாகரிகம்" என்றார்கள். ஒருவர் "சிலேட்டு வாசம்" என்றுகூடச் சொன்னார். ஓட்மார் மட்டும் விழுங்கினார்.

"லாம்பர்ட், நீ எதுக்குத் துப்பற? புத்தி மங்கிறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லையே."

"மரபு, ஓட்மார்," என்றார் டாக்டர், வாயைத் துடைத்துக்கொண்டு.

ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. ஒயின் என்று ஒரு சீட்டு, இல்லை என்று ஆறு. தலைவர் தொண்டையைச் செருமினார். பானம் மிக உயர்ந்தது, ஆனால் அதில் ஏதோ ஒன்று குறைகிறது என்றார். என்ன குறைகிறது என்று ஓட்மார் கேட்டார்.

"அது வந்து... ஒரு கனம். ஒரு... முழுமை. உனக்கு எப்படிச் சொல்றது, ஓட்மார்?"

"சொல்லிடு. வழியில ஒட்டிக்கிட்ட தூசியா?"

 சன்னலுக்கு வெளியே ஆற்றில் ஒரு சரக்குப் படகு போனது. ஆறு பேரும் அதை மிகுந்த கவனத்தோடு பார்த்தார்கள்.

பிறகு டாக்டருக்குத்தான் அந்த யோசனை வந்தது. மலைப்பாதையில் இப்போதெல்லாம் போலீஸ் ஊதச் சொல்கிறது. சகோதரர்களை வீடு சேர்க்கத் தெளிந்த ஆள் ஒருவர் வேண்டும். ஓட்மாரிடம் பழைய வேன் இருக்கிறது, அதில் ஏழு இருக்கை. விதி ஏழைத் தளர்த்தி ஓட்மாரை நாற்காலியில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். இந்தத் தீர்மானத்துக்கு ஒரு நிமிட விவாதமும் தேவைப்படவில்லை. ஆறு கையும் ஒன்றாக உயர்ந்தன. இப்படிப்பட்ட ஒற்றுமையைச் சபை தொடங்கிய நாளிலிருந்து கண்டதில்லை.

ஓட்மார் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். அவருக்கு அது வேண்டும். எப்படி வந்தாலும் வேண்டும். அதற்குமேல் வெட்கப்படும் வயதும் தாண்டிவிட்டது.

"சரி, ஓட்டறேன்," என்றார். "மினிட் புத்தகத்துல நான் சொல்றதை ஒரு வரி எழுதணும். எழுதினா வேன் கிளம்பும்."

தலைவர் பேனாவைத் திறந்தார். ஓட்மார் நிதானமாகச் சொன்னார்:

"இந்தச் சபை இன்னைக்குத்தான் முதல் தடவையா ஒயின் ருசி பார்த்துச்சு. இதுக்கு முன்னாடி நாற்பது வருஷம் நாங்க குடிச்சோம், நான் உட்பட."

தலைவர் எழுதினார். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குள் உண்மையான ரீஸ்லிங் திறந்தாகிவிட்டதால், வரியை ஒருவரும் வாசிக்கவில்லை.