மசக்கை மாத்திரையும் சுழல் நாற்காலியும்

மசக்கையால் பெண்கள் படும் பாட்டை ஒழித்தே தீருவதென்று மகளிர் நல ஆராய்ச்சி நிலையம் ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏகமனதுக்கு என்ன குறை? மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஆண்கள்.

வாந்தியை நிறுத்தும் மாத்திரை தயாரானது. யாருக்குக் கொடுத்துப் பார்ப்பது?

"கர்ப்பிணிகளுக்கு மட்டும் வேண்டாம். வயித்துல குழந்தை இருக்கு, ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?" என்றார் இயக்குநர்.

நியாயமான பேச்சு. ஆகவே, தாய்மார்களின் பாதுகாப்பை முன்னிட்டு, நிலையத்தின் ஆண் ஊழியர்களைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, வாந்தி வரும்வரை சுற்றிவிட்டு, அதன்பின் மாத்திரை கொடுப்பதென்று முடிவாயிற்று.

முதலில் உட்கார்ந்தவர் நிலையத்தின் ஓட்டுநர். குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தார், மாத்திரையை விழுங்கினார், வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அமோக வெற்றி! சோதனையில் பங்கேற்ற எவருக்கும் கருச்சிதைவு ஏற்படவில்லை என்று அறிக்கை பெருமையோடு குறிப்பிட்டது.

அந்த ஓட்டுநரின் மனைவிக்கு அப்போது மூன்றாவது மாதம். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் துரும்பாய் இளைத்துப்போயிருந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து இயக்குநரின் அறைக்கு வந்து சேர்ந்தாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரருக்குக் கொடுத்த மாத்திரைய எனக்குக் கொடுங்க."

"நீ சாப்பிடக் கூடாதும்மா. கர்ப்பிணிக்கு ஒண்ணும் செய்யாதுன்னு ஆதாரம் இல்ல."

"அப்ப என்னை வெச்சுப் பாருங்களேன்."

"அதெப்படி? ஆதாரம் இல்லாத மாத்திரைய ஒரு கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா?"

"அப்புறம் யாருக்குத்தாங்க இது?"

"கர்ப்பிணிகளுக்குத்தாம்மா!" என்றார் இயக்குநர், பொறுமையாக.

விஷயம் பத்திரிகைகளுக்குப் போயிற்று. பெண்களின் குரலைக் கேட்காமல் பெண்களுக்கு ஆராய்ச்சியா என்று கண்டித்து எழுதினார்கள். குரல் கேட்பதுதான் அப்போதைய நாகரிகம். நிலையமும் தலைவணங்கி, 'மகளிர் அனுபவப் பிரதிநிதி' என்றொரு பதவியை உண்டாக்கி, அவளையே நியமிக்க முன்வந்தது. ஆனால் கூட்டம் மூன்றாம் மாடியில், கர்ப்பிணி படியேறலாமா? அவள் நலன் கருதி அவள் கணவரை நியமித்தார்கள். மாட்டேன் என்று அந்த மனுஷன் சொல்லியிருக்கலாம். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

முதல் கூட்டத்தன்று காலையில்தான் அவள் மயங்கி விழுந்தாள்; மருத்துவமனையில் அவளுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"பெண்கள் தரப்புல இப்ப மசக்கை எப்படி இருக்கு?" என்று இயக்குநர் பணிவோடு கேட்டார்.

ஓட்டுநர் எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு தொந்தரவும் இல்லீங்க. நல்லாப் பசிக்குது."

கூட்டத்துக்கு அழைக்கப்பட்டிருந்த பத்திரிகைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெண்களின் குரல் ஒருவழியாக ஒலித்துவிட்டது என்று மறுநாள் செய்தி வந்தது. நாமும் படித்துவிட்டு, காலம் மாறித்தான் போச்சு என்று மெச்சிக்கொண்டோம்.