திராட்சைப் பெட்டியில் போன கடைசிச் சண்டை

எவ்வளவு பெரிய யோக்கியனும் வாழ்க்கையில் ஒருமுறையாவது அப்பாவின் கையெழுத்தைக் கள்ளமாகப் போட்டிருப்பான். நான் கையெழுத்தோடு நிற்கவில்லை. நான்கு பக்கம் படமே வரைந்துவிட்டேன், அதுவும் கலரில்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. டிகிரி முடித்துவிட்டு, சுருளிப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் (தோட்டம்தான் என்னைப் பார்த்துக்கொண்டது). என் கவனமெல்லாம் மாதாமாதம் வரும் ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸில் இருந்தது. அதில் எரிமலை அறுவர் என்று ஒரு கூட்டம், சூறாவளிப் படை என்று இன்னொரு ஆறு பேர். இரண்டு கூட்டமும் நல்லவர்கள்தான். ஆனால் கெட்டவனைப் பிடிக்கப் போகிற வழியில் எதிரெதிரே வந்துவிட்டால் முதலில் அடித்துக்கொள்வார்கள். எதற்கு என்று விசாரிப்பது அடுத்த மாத இதழில்தான். எங்கள் பங்காளிகளும் அப்படித்தான் என்பதால் கதை எனக்குச் சுலபமாகப் புரிந்தது. நான் எரிமலைக் கட்சி. கம்பத்தில் இருந்த என் நண்பன் சாகுல் சூறாவளிக் கட்சி.

கம்பம் பஸ் ஸ்டாண்டு கடைக்கு வருவது ஒரே ஒரு பிரதி. ஒரு மாதம் அவன் முதலில் படிப்பான், அடுத்த மாதம் நான். ஆறு மாதமாக நடந்த பெரிய சண்டை முடிகிற இதழ், அவன் முறையில் வந்தது. அந்த வாரம்தான் அவனுடைய அக்காவுக்கு நிக்காஹ். பந்தலுக்கும் பிரியாணி அண்டாவுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தவன், புத்தகத்தைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினான்.

"நீ மொதல்ல படி மாப்ள. முடிவ மட்டும் எங்கிட்டச் சொல்லிராத."

நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அதனால்தான் பின்னால் அவ்வளவு வலித்தது.

மறுநாள் காலை தோட்டத்தில் பழம் பேக்கிங். பெட்டியின் அடியில் பழைய பேப்பரை விரித்து, கொத்துகளை அடுக்கி, மேலேயும் ஒரு பேப்பர் போட்டு மூடுவார்கள். மேற்பார்வை நான். அதாவது பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து காமிக்ஸ் படித்தேன். கடைசி இரண்டு பக்கம் பாக்கி இருக்கும்போது அப்பாவின் பைக் சத்தம் கேட்டது. உலகத்தைக் காப்பாற்ற வேண்டிய பன்னிரண்டு பேரையும் பேப்பர் கட்டுக்குள் செருகிவிட்டு எழுந்து நின்றேன். அப்பா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சணல் வாங்கிவர அனுப்பினார்.

திரும்பி வந்தபோது பழ வண்டி குமுளிக்குப் போயிருந்தது. அப்பாவும் இரண்டு பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு எங்கோ கிளம்பியிருந்தார். பேப்பர் கட்டு இருந்த இடத்தில் இரண்டு கம்பிப் பின்கள் மட்டும் கிடந்தன. பேக்கிங் செய்யும் பேச்சியக்காவிடம் கேட்டேன்.

"நல்ல வழுவழுன்னு தாளு தம்பி. பழத்துக்கு உறுத்தாதுன்னு பெட்டிக்கு ஒண்ணாப் பிரிச்சுப் போட்டேன்" என்றார். நான் பாராட்டுவேன் என்று காத்திருந்தார்.

மொபெட்டில் மலை ஏறினேன். பாதி வழி நான் அதை ஓட்டினேன், மீதி வழி தள்ளினேன். குமுளி மண்டியில் எங்கள் முப்பது பெட்டியும் இறங்கியிருந்தன. காமிக்ஸ் தேடுகிறேன் என்று சொல்ல வெட்கம். பேசாமல் பெட்டியைத் திறந்து அடிவரை கையை விட்டுத் துழாவினேன். மூன்றாவது பெட்டியில் மண்டிக்காரர் மெல்லிய குரலில் "பாம்பு உண்டோ?" என்றார். நான் ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். சுமை தூக்குகிறவர்கள் எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் கம்போடு திரும்பி வந்து எனக்குக் காவல் நின்றார். அந்தப் பாதுகாப்பில் முப்பது பெட்டியையும் கலைத்தேன். உதிர்ந்த பழத்துக்காக அப்பா பிறகு என்னிடம் பேசியதை அச்சில் ஏற்ற முடியாது.

அட்டை கிடைத்தது. எட்டுத் தாளில் ஏழு கிடைத்தன. கிடைக்காதது வெளித்தாள். முதல் இரண்டு பக்கமும் கடைசி இரண்டு பக்கமும் அதில்தான் இருந்தன. வேறு பிரதி தேடித் தேனி வரை போனேன், இல்லை.

சாகுலிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். முகம் இல்லை. இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்கெட்ச் பேனாவால் நானே வரைந்தேன். எனக்கு வரையத் தெரிந்தது இடது பக்கம் பார்க்கும் ஒரே ஒரு முகம். அதனால் பன்னிரண்டு பேரும் அண்ணன் தம்பிகள் ஆனார்கள். விரல் வரைய வராது. அதனால் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே அந்த மாபெரும் போரை நடத்தினார்கள். எரிமலை அறுவர் ஜெயித்தார்கள் (வரைகிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?). ஏழு தாளையும் இஸ்திரி போட்டு, என் தாளையும் சேர்த்துப் பின் அடித்தேன்.

நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாகுல் என் எதிரிலேயே உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தான். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. எழுந்து உள்ளே போனவன், மடித்த ஒரு தாளோடு வந்தான். அதில் ஊதாக் கறை.

"மாப்ள, இதுல ஒன் ஆளுக ஜெயிக்கிறாக. எங்க வீட்டுப் பெட்டில தோத்துட்டாகளே."

அப்பா பைக்கில் கட்டிக்கொண்டு போன இரண்டு பெட்டியும் கல்யாண வீட்டுக்கு அன்பளிப்பாகப் போயிருக்கின்றன. அவன் அம்மா சம்பந்திகளுக்குப் பழம் வைக்கப் பெட்டியைத் திறந்தபோது, மேலேயே விரிந்து கிடந்திருக்கிறது கடைசிப் பக்கம். முடிவை மட்டும் சொல்லாதே என்று கேட்டவனுக்கு, முடிவை மட்டும் பழத்தோடு வீடு தேடி அனுப்பியிருக்கிறேன். அவன் அம்மா என் படங்களைப் பார்த்துவிட்டு, "இவுக எல்லாம் ஏன் பள்ளிக்கூடத்துல கை கட்டி நிக்கிறாக?" என்று கேட்ட பிறகுதான் சாகுல் சிரித்தான். நானும் பிழைத்தேன்.

அந்த அம்மா இன்றுவரை என் வாயிலிருந்து எது வந்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறார். என் மனைவியும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். போன மாதம் அவர்கள் வீட்டு விருந்துக்கு, இப்போது நாங்கள் குடியிருக்கும் தேனியிலிருந்து போக வேண்டியிருந்தது. சாகுலின் அம்மா போனில் எங்கே வந்திருக்கிறாய் என்று கேட்க, பாதி வழிக்கு மேல் வந்து உத்தமபாளையம் தாண்டிவிட்டதாகச் சொன்னேன்.

"இது பெட்டில வந்ததா தம்பி, நீ வரைஞ்சதா?"

நான் அப்போதுதான் வீட்டில் சட்டைக்குப் பித்தான் தேடிக்கொண்டிருந்தேன்.