ஐம்பதாவது படிவத்தின் பின்பக்கம்

ஒரு காட்டில் சிங்கம் அரசாண்டது என்று தொடங்கினால் உடனே நம்பிவிடுவீர்கள். அது பழைய காடு. இந்தக் காட்டில் சிங்கம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு படுத்திருந்தது. அரசாண்டது ஓர் ஆணையம்.

காட்டுக்குக் கடன் அட்டை வந்து மூன்று மழைக்காலம் ஆகியிருந்தது. முயல்கள்கூட அட்டையைத் தேய்த்துப் பலாப்பழம் வாங்கின. முயல் பலாப்பழம் தின்னுமா என்று கேட்கக் கூடாது. தள்ளுபடியில் கிடைத்தது, வாங்கின. அட்டை தருமுன் வட்டி, கட்டணம், அபராதம் எல்லாவற்றையும் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதிக் காட்ட வேண்டும் என்று ஆணையம் ஒரு விதி போட்டிருந்தது. எழுத்து எறும்பைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது என்பது அதன் மூன்றாம் உட்பிரிவு. எந்த எறும்பு என்று உட்பிரிவு சொல்லவில்லை. அட்டை நிறுவனம் காடு முழுக்கத் தேடி, கண்ணுக்கே புலப்படாத ஓர் எறும்பைப் பிடித்து அளவெடுத்துக்கொண்டது.

அந்த நிறுவனத்தின் மேலாளர் நரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். செம்மறியாடு. நரியின் முகத்தைப் பார்த்து இப்போதெல்லாம் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?

இப்படி ஒரு விதி இருப்பது விலங்குகளுக்குத் தெரியுமா என்று ஆணையத்துக்கு ஒரு நாள் ஐயம் வந்தது. தெரியாவிட்டால் தெரிவிக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. ஆய்வு நடத்தலாம் என்றார்கள். அச்சிடப் பணம் இல்லை. படிவங்களை இலவசமாக அச்சிட்டுத் தர அட்டை நிறுவனம் முன்வந்தது. ஆணையம் நன்றிக் கடிதம் அனுப்பியது.

வீடு வீடாகப் போய்க் கேட்கும் வேலை சிதம்பரநாதன் என்ற கீரிக்குக் கிடைத்தது. எட்டு வருடமாக ஒப்பந்த ஊழியம், ஒழுகுகிற வாடகை வளை. நிரந்தர ஊழியருக்கு ஆணையமே ஒழுகாத வளை தரும். அந்த வளையின் வாசலில் ஒரு கல்லைக்கூடக் கீரி மனதுக்குள் நட்டு வைத்திருந்தது, உட்கார்ந்து வெயில் காய.

"சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஐம்பது படிவம்," என்றது ஆணையச் செயலரான காட்டெருமை. "ஒண்ணு குறைஞ்சாலும் நிரந்தரம் கிடையாது."

"ஐம்பத்தஞ்சா கொண்டுவரட்டுங்களா ஐயா?"

"அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம். இந்தா, பழகிப் பாக்க முதல் படிவத்துல நீயே கால்தடம் வை."

கீரி வைத்தது. ஒன்று ஆயிற்று.

ஆய்வின் முறை அறிவியல்பூர்வமானது. முதலில் விதியை உரக்க வாசிக்க வேண்டும். பிறகு, 'இந்த விதி உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்க வேண்டும்.

"தெரியுமாவா? இப்பத்தானேய்யா நீரு வாசிச்சீரு!" என்றது மூங்கில் தோப்புக் குரங்கு.

"அப்போ ஆம்னு போட்டுக்கவா?"

"போடும். தெரியாதுன்னு எழுதி மானத்தை வாங்கிப்புடாதேயும்."

உள்ளேயிருந்து அதன் மனைவி குரல் கொடுத்தது. "கார்டுக்கு வட்டி எத்தனைன்னு அந்த மனுசன்கிட்ட கேளுங்க. ஒரு தடவையாச்சும் சொல்லுதாரான்னு பாப்போம்."

"அந்தக் கேள்வி படிவத்துல இல்லீங்கம்மா," என்றது கீரி.

"கீரியை மனுசன்னு சொன்னா அவதூறு," என்று முணுமுணுத்தபடி குரங்கு தடம் வைத்தது.

இப்படியே நாற்பத்தொன்பது சேர்ந்தன. எல்லாம் 'ஆம்'. வியாழக்கிழமை காலை கீரி குளக்கரைக்கு வந்தது. அங்கே தையல்நாயகி என்ற ஆமை இருந்தது. ஒரு காலத்தில் அச்சகத்தில் பிழை திருத்தியது. எந்தத் தாளையும் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்காது.

"நான் வாசிக்கிறேன்மா, நீங்க கேட்டா போதும்."

"எனக்குக் கண்ணு இருக்கு தம்பி. வெச்சுட்டுப் போ."

வியாழன் முழுக்க முன்பக்கம். வெள்ளி முழுக்கப் பின்பக்கம். சனிக்கிழமை மதியம் கீரி கரையில் நடையாய் நடந்துகொண்டிருந்தது.

"பின்னாடி படிச்சியா?"

"பின்னாடி வெத்துத்தாள்தானேம்மா. சாம்பல்ல ஏதோ கோடு போட்டிருக்கு."

"கோடில்ல," என்று ஆமை ஒரு துளித் தண்ணீரைத் தாளின் மேல் வைத்தது. துளிக்குள் எழுத்துப் பெரிதாயிற்று. துளியை நகர்த்த நகர்த்தக் கீரி படித்தது.

'முன்பக்கத்தில் தடம் பதிப்பவர் புதிய கடன் அட்டைக்கு விண்ணப்பித்தவர் ஆவார். ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தாவிடில் அவர் வசிக்கும் இடம் நிறுவனத்தைச் சேரும். விதிகளை அறிவேன் என்று அவரே உறுதியளித்திருப்பதால் வேறெதையும் அவருக்கு வெளிப்படுத்த வேண்டியதில்லை.'

கீரியின் வால்மயிர் சிலிர்த்துக்கொண்டது.

"கிழிச்சுப் போட்டுட்டு, போய் அத்தனை பேர்கிட்டயும் சொல்லு," என்றது ஆமை.

"கிழிச்சா வேலை போயிடும்மா."

"கிழிக்கலைன்னா வீடு போயிடும்டா."

கீரி யோசித்தது. போவது வாடகை வளை. ஒழுகுகிற வளை. அதற்காக வளையின் சொந்தக்காரப் பெருச்சாளி அல்லவா அழ வேண்டும்? மற்ற நாற்பத்தெட்டுப் பேரும் வளர்ந்தவர்கள், படித்துப் பார்த்திருக்கலாம். தடம் விழாத அந்தப் படிவத்தை வாங்கிக்கொண்டு கீரி புதர் மறைவுக்குப் போனது. ஆமையின் பெயரில் பொய்த்தடம் வைக்க அதன் மனசாட்சி இடம் தரவில்லை. ஆகவே தன் பெயரையே இன்னொரு முறை எழுதி, இந்தத் தடவை பின்னங்காலைப் பதித்தது. ஐம்பது.

வேலை நிரந்தரமாயிற்று. புது வளையில் குடியேறி, கல்லும் நட்டது. மறுவாரம் இரண்டு அட்டைகள் வந்தன. போனால் பழைய வளைதானே என்று கீரி கட்டணம் கட்டவில்லை. மழைக்காலம் முடிந்ததும் வாசலில் செம்மறி நின்று பலகை மாட்டிக்கொண்டிருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்றது அது, மிகவும் வருத்தத்தோடு. "அந்தக் கல்லையும் விட்டுட்டுப் போகணும்."

கீரி ஆணையத்துக்கு ஓடியது.

"ஐயா, நீங்க குடுத்த வளையையே எடுத்துக்கிட்டாங்க. அந்த விதிப்படி சொல்ல வேண்டியது எதையுமே என்கிட்ட சொல்லலை. புகார் குடுக்கணும்."

"எந்த விதி?" என்றது காட்டெருமை. "எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு ஆய்வு சொன்னதால அந்த விதியை எடுத்தாச்சே. உன் பிரிவையும் மூடியாச்சு. நீ நிரந்தரம்தான், சம்பளம்தான் இல்ல."

"எனக்குத் தெரியாதுங்க ஐயா!"

காட்டெருமை அறிக்கையைப் புரட்டியது. "ரெண்டு தடவை தெரியும்னு எழுதிக் குடுத்தவன் இந்தக் காட்டிலேயே நீ ஒருத்தன்தான்யா. உனக்குத் தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்?"

 கீரியின் கண், விரிந்து கிடந்த கடைசிப் பக்கத்தில் விழுந்தது. அங்கே, நல்ல பெரிய எழுத்தில், கட்டெறும்பு அளவில் இருந்தது:

'விதிகளை அறிந்தோர்: நூற்றுக்கு நூறு. தடம் வைக்க மறுத்தவர்: ஒருவர் (ஆமை, குளக்கரை). காரணம்: எழுத்தறிவின்மை.'

நீதி: படித்துப் பார்க்காமல் கையெழுத்திடுங்கள், குழந்தைகளே, விவரம் தெரிந்தவர்களின் பட்டியலில் சேர வேறு வழியே இல்லை. படித்தே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்கள், வீட்டை முதுகிலேயே வைத்துக்கொள்ளவும்.