பாலாறும் அட்டைப் பெட்டியும்

வாழ்க்கையில் ஒரே ஒரு கூட்டத்தில்தான் நான் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். அதற்கப்புறம் யாரும் என்னிடம் மைக்கைக் கொடுத்ததில்லை. (அவர்கள் மேல் தப்பே இல்லை.)

எண்பதுகளின் தொடக்கம். வேலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருந்தேன். பாலாற்றுத் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு உரிமை என்று திட்டம் போட, இரண்டு கம்ப்யூட்டர் மாதிரிகள் வந்திருந்தன. மழை அளவைக் கொடுத்தால், எந்த ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்று அவை கணக்குப் போட்டுச் சொல்லும். பழைய வருஷங்களின் மழையைக் கொடுத்து, அவை சொல்வதும் உண்மையில் நடந்ததும் ஒத்துப்போகிறதா என்று சோதிப்பது என் வேலை.

கம்ப்யூட்டர் சென்னையில் இருந்தது. மழைக் கணக்கையெல்லாம் துளை போட்ட அட்டைகளில் ஏற்றி, பெட்டியோடு பஸ் ஏறினேன். சென்னையில் இறங்கும்போது பின்னால் வந்தவர் இடித்ததில் பெட்டி கவிழ்ந்து, அத்தனை அட்டையும் தரையில் சிதறியது. அட்டைகளில் ஊர்ப் பெயர் கிடையாது. எத்தனையாவது அட்டை என்பதை வைத்துத்தான் எந்த ஊர் மழை என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். என் ஞாபகசக்தி மேல் எனக்கிருந்த திமிரில், கால் மணி நேரத்தில் நானே அடுக்கிவிட்டேன்.

இரண்டு மாதிரிகளும் ஒரே பதிலைச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. (இரண்டுக்கும் ஒரே தப்பைத்தானே ஊட்டியிருந்தேன்!) நெமிலிப் பக்கத்துக் கடைமடை ஏரி ஒன்று எல்லா வருஷமும் நிரம்பி வழிந்ததாம். அந்த ஏரியின் பதிவேட்டைக் கறையான் தின்றிருந்தது. ஊரில் போய் விசாரித்திருக்கலாம். கம்ப்யூட்டர் தெரிந்தவள் களத்துமேட்டில் நின்று கேட்பதா?

கூட்டத்துக்கு விவசாயிகள், ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்காரர்கள், அதிகாரிகள் என்று அரங்கம் நிறைந்திருந்தது. அந்த ஏரிக்கு உரிய முறைத் தண்ணீரை நிறுத்தி ஆற்றின் மேல்பக்கம் உள்ள ஆம்பூர்க்காரர்களுக்குக் கொடுக்கும் உத்தரவு, கையெழுத்துக்குத் தயாராக மேஜைமேல் இருந்தது.

"கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது. இந்த ஏரிக்குத் தண்ணிப் பஞ்சம் வந்ததே இல்லை" என்றேன் மைக்கில்.

கன்னியம்மாள் என்ற விவசாயி எழுந்தார். "இன்னாம்மா சொல்ற? பஞ்ச வருஷத்துல அந்த ஏரிக்குள்ளதான் என் தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தல் போட்டோம். இருநூறு பேரு உக்காந்து சாப்ட்டாங்க. எல்லாரும் தண்ணிக்குள்ளயா சாப்ட்டோம்?"

அரங்கம் அதிர்ந்தது. ஆம்பூர் பாய் ஒருவர் கண்ணீர் வரச் சிரித்தார்.

பக்கத்தில் இருந்த என் மேலதிகாரி என் பக்கம் குனிந்தார். "ஏதோ சமாளிச்சிட்டு உக்காரும்மா. உத்தரவு ரெடியா இருக்கு."

சமாளித்திருக்கலாம். பாமர மக்களின் ஞாபகத்தை நம்ப முடியாது என்று ஏதாவது சொன்னால் முடிந்தது. ஆனால் கன்னியம்மாள் உட்காரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அட்டையெல்லாம் பஸ்ஸ்டாண்டுல கொட்டிடுச்சுங்க. நான்தான் மாத்தி அடுக்கிட்டேன்" என்றேன். மைக்கை அணைக்க மறந்ததால் வெளியே டீக்கடை வரைக்கும் கேட்டதாம். "ஒரு மாசம் குடுங்க. சரி பண்ணித் தர்றேன்."

அதிகாரி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்த அதே பாய் சொன்னார்: "குடுங்க சார். தப்புக் கணக்குல வர்ற தண்ணி எங்களுக்கும் பேஜார்தான்."

அந்த ஒரு மாதம் ஊர் ஊராக நடந்தேன். எந்த வருஷம் ஏரி வழிந்தது, எந்த வருஷம் வறண்டது என்று எழுதி வந்து, அலுவலக மழைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு அட்டைகளைச் சரியாக அடுக்கி மறுபடி ஓட்டினேன். இப்போது இரண்டு மாதிரிகளில் ஒன்று, ஊர்க்காரர்கள் சொன்னதை அச்சு அசலாகச் சொன்னது. இன்னொன்று கல்யாணப் பந்தலை மறுபடியும் மூழ்கடித்தது. அதை நிராகரித்து எழுதினேன். ஏரியின் முறைத் தண்ணீர் தப்பியது.

அடுத்த வருஷம் என் கல்யாணம். ஒரு பஸ் நிறைய ஆட்களோடு வந்திறங்கிய கன்னியம்மாள், மாப்பிள்ளை வீட்டார் நடுவில் நின்று கணீரென்று அறிவித்தார்: "காஞ்சு கெடந்த எங்க ஏரிய ஒரே நாள்ல ரொப்புன பொண்ணு!"

மாமியார் என்னைத் தெய்வப் பிறவி என்றே நம்பிவிட்டார். பல வருஷங்கள் மழைக்காகக் கும்பிடும்போதெல்லாம் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். உண்மை தெரிந்த கணவரோ, குழாயில் தண்ணீர் நின்றால் இன்றைக்கும் காலிக் குடத்தை என் முன்னால் வைத்து, பயபக்தியோடு கைகட்டி நிற்கிறார்.