கண்ணாடி அறைக்குள் ஒரு பீச் மரம்

"மரம் போச்சு வசந்தா! என் வேலையும் போச்சு!"

சவூதியின் அல் கோபாரில், தனக்கு விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீலின் வீட்டுக் கண்ணாடி அறையில் நின்றபடி ஏசி என்ஜினீயர் சேதுராமன் மனைவிக்கு போனில் அலறினார். ஐரோப்பாவிலிருந்து வந்த பீச் (beech) மரம் அது; பழம் காய்க்கும் பீச் இல்லை. நம்மூர் நெட்டிலிங்கம்போலக் கிளைகளை ஒடுக்கிக்கொண்டு தூணாக நிற்கும். வெளிநாடு போயிருந்த கஃபீல் மறுநாள் திரும்புகிறார். மரத்துக்கு ஏதாவது ஆனால் விசா கேன்சல். பத்தாவது படிக்கும் மகள் சம்யுக்தா பரீட்சை எழுதாமலே ஊருக்குப் போக வேண்டியதுதான்.

குளிர்நாட்டு மரமாச்சே, நன்றாகக் குளிரட்டுமே என்று ஏசியை முறுக்கி வைத்த புண்ணியவான் அவரேதான். யாரைச் சொல்லி அழுவது?

ஓடி வந்த வசந்தகுமாரி வாசலிலேயே நின்றுவிட்டாள். அடி முதல் உச்சிவரை இலையெல்லாம் செம்பு நிறம். வெயில் பட்டு அறையே தகதகத்தது.

"என்னங்க, சாகிற மரமா இது? கோயில் கொடிமரம் மாதிரில்ல மின்னுது!" கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கும்பிட்டது போதும். வழியச் சொல்லு."

"காஞ்சும் ஒரு இலைகூட உதிரல பாருங்க. கிளை நுனியில கூர்கூரா முள்ளு வேற. புளிச்ச மோர் ஊத்துவோம், எந்தச் செடியும் தேறிடும்."

ஊற்றினார்கள். மரம் தேறவில்லை, அறை நாறியது. நாற்றத்துக்கு ஊதுபத்தி ஏற்றினார்கள். புகைக்கு அலாரம் அலறியது.

கடைசியில் சேதுராமன் ஏணியில் ஏறி, பச்சை ஸ்ப்ரே பெயிண்டை அடித்துத் தள்ளினார். செம்பு மறைய மறைய, "சாகும்போதுகூட என்னா அழகு! பாவி நான்," என்று முனகினார்.

மறுநாள் கஃபீல் வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது.

சேதுராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டிரைவர் செய்கு அலாவுதீனின் காதைக் கடித்தார். "பாத்தீங்களா பாய், ஆனந்தக் கண்ணீர்!"

"அட நீங்க வேற சார்! குளிர் பட்டா இந்த மரம் கூரா மொட்டு வச்சு, இலையெல்லாம் செம்பா மாறி நிக்குமாம். அத ஒரு தடவ கண்ணால பாக்கத்தான் இந்த அறையையே கட்டினாரு. 'இந்த வருஷமும் பச்சையாவே நிக்குதே'ன்னு அழுவுறாரு!"