கிளாத்தியைக் கடைசியில்தான் விட வேண்டும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நான், தங்கள் தங்கை, உப்புத் தண்ணீருக்குள் இருக்கும் மூன்று பேர், ஆக ஐவரும் நலம். அங்கே தாங்களும் தங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தாங்கள் பஸ் டிப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருப்பதை நினைத்துத் தங்கை தினமும் கண்ணைக் கசக்குகிறாள். "எங்க அண்ணனை இங்கயே வந்து நம்மோட இருக்கச் சொல்லி ஒரு லெட்டர் போடுங்க. நான் கூப்பிட்டா வர மாட்டார். நீங்க கூப்பிட்டாத்தான் மரியாதை" என்கிறாள். எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. சென்ற முறை தாங்கள் வந்திருந்தபோது மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்பதில் தொடங்கி, செய்தித்தாளை யார் முதலில் பிரிப்பது என்பது வரை நமக்குள் நடந்ததைப் பக்கத்து வீட்டார் இன்னும் மறக்கவில்லை. நான் மாணவர் விடுதிக் காப்பாளனாக அதட்டியே பழகியவன். தாங்கள் விசில் ஊதியே பழகியவர். ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்குமா என்று யோசித்தபடி மீன் தொட்டியைப் பார்த்தேன். அதனால் முதலில் மீன்களைப் பற்றி எழுதுகிறேன். அழைப்பு பின்னால் வரும், வந்தால்.

வண்ண வண்ணமாகச் சும்மா நீந்தும் சாதுக்களைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது, வேட்டையாடுகிற ரகம்தான் வேண்டும் என்று வளர்ப்பு மீன் கடையில் சொன்னேன். கடைக்காரர் நம் விடுதியில் இருந்து படித்தவர்தான். "அப்போ என்னைக் குறட்டைக்காரன் ரூம்ல போட்டீங்களே சார், மறந்துட்டீங்களா?" என்று ஆரம்பித்துவிட்டு, ஒத்துப்போகிற மூன்று பேரைக் காட்டினார். சிங்கமீன், கடல் விலாங்கு, கிளாத்தி. "மூணும் முரடுதான். ஆனா ஒண்ணோட வாய்க்குள்ள இன்னொண்ணு போகாது. அதான் முதல் பொருத்தம். வாய்ல புகுற சைஸ்ல இருக்கிறது பக்கத்து வீட்டுக்காரன் இல்ல சார், பலகாரம்" என்றார். அதில் கொஞ்சம் சாதுவான இரண்டையும் முதலில் விடுங்கள், ரவுடி கிளாத்தியைக் கடைசியில் விடுங்கள் என்றும் சொன்னார். நான் கேட்பேனா? எத்தனை தலைமுறைப் போக்கிரிகளை மேய்த்தவன்! விடுதியில் என் வழியே வேறு: இருப்பதிலேயே பெரிய போக்கிரியை முதலில் அறையில் போட்டு, அவனையே அறைத் தலைவனாக்கிவிடுவேன், தானாகப் பொறுப்பு வந்துவிடும். கிளாத்தியை முதலில் விட்டேன்.

பொறுப்பு வந்தது மச்சான், பட்டா வாங்கியவனுக்கு வருகிற பொறுப்பு. வாயால் கல்லைக் கவ்விக் கவ்வி இடம் மாற்றி, தொட்டி முழுவதையும் தன் பேருக்கு எழுதிக்கொண்டது. பிறகு விலாங்கு வந்தது. அதற்குக் கண் மட்டு, மூக்கு கூர்மை. பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. ஏதோ ஆட்சேபம் சொல்கிறது என்று நானும் காதைக் கண்ணாடியில் வைத்துக் கேட்டேன். மூச்சு விடுகிறதாம், அவ்வளவுதான். கிளாத்தி விரட்டிய விரட்டில் அது மூடி இடுக்கு வழியாக வெளியேறி, தங்கை செருப்பு மாட்டப் போன இடத்தில் சுருண்டு கிடந்தது. அவள் போட்ட கூச்சல் தங்கள் ஊர்வரை கேட்டிருக்கலாம். ஈரத்துணியில் சுற்றி உள்ளே விட்டோம், பிழைத்துக்கொண்டது. அடுத்து சிங்கமீன். பட்டுச் சேலை விரித்த மாதிரி துடுப்பு, அதற்குள் விஷ முள், சாப்பாட்டுக்குக்கூட அவசரப்படாத மகாராணி நடை. தனியாக வருத்தப்படுமே என்று விரலளவு நீல மீன் ஒன்றைத் துணைக்கு விட்டேன். காலையில் துணையைக் காணோம். மகாராணி ஒன்றும் அறியாத முகத்தோடு ஏப்பம் விடாத குறை. கடைக்காரர் சொன்ன பலகாரம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த மகாராணியின் துடுப்பையே கிளாத்தி கடித்துக் கந்தலாக்கியதும் என் மனசு கேட்கவில்லை, கடைக்கு ஓடினேன்.

"நான் அப்பவே சொன்னேன் இல்ல சார்?" என்றார், குறட்டைக்காரனோடு தூங்காத ராத்திரிகளுக்கெல்லாம் சேர்த்து. "இப்ப ஒண்ணு பண்ணுங்க. மூணையும் வெளிய எடுங்க. கல்லு எல்லாத்தையும் கலைச்சு வேற மாதிரி அடுக்குங்க. அப்புறம் ஒண்ணா உள்ள விடுங்க. இது என் இடம்னு சொல்ல எவனுக்கும் வாய் வராது." தங்கை வாளி பிடிக்க, நான் முள் குத்தாமல் வலை வீச, தண்ணீர் பாதி என் சட்டையில். கலைத்து அடுக்கி மூன்றையும் விட்டோம். கிளாத்தி தன் பொந்தைத் தேடிக்கொண்டு, எதற்கு இந்த அறைக்குள் வந்தோம் என்று மறந்த மனுஷனைப் போலச் சுற்றிச் சுற்றி வந்தது. தேடுகிற மும்முரத்தில் கடிக்க மறந்துவிட்டது. இப்போது மூன்றும் ஒரே தண்ணீரில். கொஞ்சிக் குலவவில்லை, ஒன்று போக மற்றது விலகுகிறது. ஒரு குடித்தனத்துக்கு அது போதாதா?

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கை ஒரு வார்த்தை சொன்னாள். "அண்ணன் ஒண்ணும் அவ்வளவு மோசமில்லைங்க. போன தடவை இங்க அவருக்குன்னு ஒரு நாற்காலிகூட இல்ல." எனக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டுக்கு முதலில் வந்தவன் நான். ஜன்னலோரம் என்னுடையது, விசிறி சுவிட்சு என்னுடையது, செய்தித்தாள் என்னுடையது. கிளாத்தி தாங்கள்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் மச்சான், நான்தான்.

ஆகவே நேற்று வீட்டைக் கலைத்தோம். என் சாய்வு நாற்காலி ஜன்னலோரத்தை விட்டு வந்தாயிற்று. கட்டில் முன்னுக்கு, மேஜை பின்னுக்கு, பீரோ நடுவில். பழக்க தோஷத்தில் நடந்து மூன்று முறை முழங்காலில் இடித்துக்கொண்டேன். இனி முழங்கால் விஷயத்திலும் நாம் சமம். என் இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. தாங்கள் வர இதுதான் சமயம். சும்மா ஒப்புக்கு அழைக்கவில்லை, மனசாரக் கூப்பிடுகிறேன். வந்துவிடுங்கள்.

அங்கே என்னை விசாரிப்பவர்களுக்கு என் வணக்கம்; விசாரிக்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லவும். தாங்கள் நீடூழி வாழ்க, விசிலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு.

தங்கள் அன்புள்ள
மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், தங்கை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். படித்தது எங்கே உட்கார்ந்து என்று கேளுங்கள். ஜன்னலோரத்தில், என் சாய்வு நாற்காலியில், விசிறிக்கு நேர் கீழே, இன்றைய செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு. அந்த நாற்காலி அங்கே எப்படித் திரும்பிப் போனது என்றேன். "நான்தான் இழுத்துப் போட்டேன். இத்தனை வருஷமா இந்த இடத்துல காத்து இவ்வளவு நல்லா வரும்னு யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே! நீங்களும் அண்ணனும் அந்த பீரோகிட்ட எங்கயாவது ஒத்துமையா உட்காருங்க" என்றாள். எழுந்திருக்கிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை. கணக்கு முழுக்கத் தப்பு மச்சான். கிளாத்தி தாங்களும் இல்லை, நானும் இல்லை. அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வாருங்கள், எனக்குத் துணை வேண்டும். விசிலையும் கொண்டு வாருங்கள்.