மணிக்கூட்டு அண்ணை வைத்த சமன்

உரும்பிராயில் செஸ் விளையாட்டு அழிந்ததற்கு யுத்தம் பாதிக் காரணம், மணிக்கூட்டு அண்ணை மீதிக் காரணம். சந்தியில் மணிக்கூடு திருத்துகிறவர். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

அவர் வெல்வதில் எங்களுக்கு வருத்தமில்லை. வென்றதும், தோற்றவன் ஓடிவிடாதபடி அவனுடைய சைக்கிள் பூட்டின் திறப்பை வாங்கித் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, அவன் விட்ட பிழைகளை முதலிலிருந்து விளக்குவார். அதுதான் தாங்க முடியாது. "இருங்கோ தம்பி, இன்னும் பதினெட்டுப் பிழை கிடக்கு" என்பார். சமனுக்கு அவர் சம்மதித்ததாகச் சரித்திரமே இல்லை. "சமன் எண்டால் ரெண்டு பேரும் தோத்த மாதிரி" என்பது அவர் கொள்கை.

சிலர் கொழும்புக்கும் கனடாவுக்கும் போனார்கள். மற்றவர்கள் அவர் கண்ணில் படாமல் வேறு ஒழுங்கையால் போகத் தொடங்கினார்கள். தொண்ணூற்றிரண்டில், ஞாயிறு தவறாமல் எங்கள் வாசிகசாலைக்கு விளையாட வந்தவர் உடுவில் கணக்கு மாஸ்டர் ஒருவர்தான். பலகையில், தொலைந்துபோன கறுப்புக் கோட்டைக் காய்க்குப் பதிலாகத் தீர்ந்துபோன டோர்ச் பற்றரி ஒன்று நின்றது. நான் பக்கத்தில் பேப்பர் வாசிப்பேன்.

ஒரு ஞாயிறு, காய் அடுக்கும்போதே மாஸ்டர் சொன்னார்: "இண்டைக்கும் தோத்தனெண்டால் இனி இந்தப் பக்கம் வரமாட்டன். சொல்லிப்போட்டன்."

அண்ணை சிரித்தார். இரண்டு மணித்தியாலத்தில் மாஸ்டரிடம் மூலையில் ஒரு ராசா மட்டும் மிஞ்சியது. அண்ணையிடம் ராணியே இருந்தது. அடுத்த நகர்த்தலில் வெற்றி என்று எனக்கே தெரிந்தது. அப்போதுதான் அண்ணையின் சிரிப்பு நின்றது. மாஸ்டரைப் பார்த்தார். உட்கார ஆளில்லாமல் வெறுமையாகக் கிடந்த வாங்குகளைப் பார்த்தார். சமன் கேட்டால் மாஸ்டர் பிச்சை என்று நினைப்பார். தோற்றுக் கொடுக்கலாமென்றால் மாஸ்டரிடம் வெல்வதற்குக் காயே இல்லை. ராணியைத் தூக்கி, வைக்க வேண்டிய இடத்துக்கு ஒரு கட்டம் தள்ளி வைத்தார்.

மாஸ்டர் துள்ளி எழும்பினார். "செக்கும் இல்லை, என்ரை ராசா அசைய இடமும் இல்லை! ஆட்டம் சமன்! உதென்ன காணும், சின்னப்பிள்ளையும் விடாத பிழை!"

பிறகு ஒரு மணித்தியாலம் அண்ணையை இருத்தி வைத்து அந்தப் பிழையை விளக்கினார். அண்ணை பவ்வியமாக "ஓம் மாஸ்டர், ஓம்" என்று தலையாட்டினார்.

மாஸ்டர் போனபின் கேட்டேன். "அண்ணை, தெரிஞ்சுதானே வைச்சனீங்கள்?"

"பேசாமல் இரும். வாற ஞாயிறும் வாறனெண்டு சொல்லிப்போட்டல்லோ போறார்."

எந்த வெற்றிக்குப் பிறகும் அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. அவரோடு விளையாடப் பயந்து வருஷக்கணக்காகப் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்த நான், அந்த மனிதர்மேல் வந்த பாசத்தில், மாஸ்டர் எழும்பிப் போன கதிரையில் போய் உட்கார்ந்தேன்.